நாளுக்கு ஒரு பக்கம்

கோட்டக்குப்பம் தொடங்கி வடக்கே மரக்காணத்து உப்பளங்கள் வரையில் நீண்டு கிடக்கும் கடற்கரையிலும், அதனை அடுத்த உள்நாட்டு ஊர்களிலும், கையின் திறமையையே முதலாகக் கொண்டு வாழும் மக்கள் பலர். தறியில் நூலை ஆடையாக்குவோர், மணலில் வேர்க்கடலையும் தர்ப்பூசணியும் விளைவிப்போர், வலை முடிவோர், உப்பு வாருவோர் என அவர்கள் பல திறத்தினர். இவர்களுள் எவரையேனும் அணுகி, தாளும் பென்சிலும் கொடுத்து, "ஒரு பூவை வரைந்து காட்டுங்கள்" என்று கேட்டால், "அதெல்லாம் எனக்கு வராது" என்னும் மறுமொழியே முதலில் பிறக்கும். ஆயிரம் புட்டாக்களைப் புடைவையில் மலர வைத்த கை, ஒரு துண்டுத் தாளின் முன்னே நாணிப் பின்வாங்குகிறது.

இதை அடக்கம் என்று எண்ணி நாம் மகிழ்வதற்கில்லை. இதனால் விளையும் நட்டம் பெரிது. வரையத் தயங்குகிறவன் பிறர் வரைந்து கொடுத்ததையே நெய்கிறான். பிறர் வரைந்து கொடுத்ததை நெய்கிறவனுக்குக் கூலி மட்டுமே மிஞ்சுகிறது. வடிவத்தின் பெருமையும் அதனால் வரும் ஊதியமும் வேறு எங்கோ சென்று சேர்கின்றன. ஆதலின், நாள்தோறும் சித்திர நோட்டில் ஒரு பக்கம் எழுதும் பழக்கத்தைப் பற்றிச் சங்க உறுப்பினர்கள் சற்றே சிந்திப்பது நலம். இதனைப் பொழுதுபோக்கு என்று கருதி ஒதுக்கிவிட வேண்டாம். இது தொழிலின் வேரைச் சார்ந்த காரியம்.

பிறர் கையில் நம் ஏடு

கோட்டக்குப்பத்திற்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருப்பது புதுச்சேரி. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கிருந்து கப்பலேறிய சரக்குகளுள் துணியே தலைமையானது. கையால் வண்ணம் எழுதிய சீட்டித் துணிக்கு ஐரோப்பாவில் இருந்த மோகம் சொல்லி முடியாது. தன் நாட்டு நெசவுத் தொழில் அழிந்துவிடும் என்று அஞ்சிப் பிரெஞ்சு அரசு 1686 முதல் 1759 வரை அத்துணிக்குத் தடையே விதித்திருந்தது. எத்தனை முறை வெளுத்தாலும் போகாத அந்தச் செந்நிறத்தின் இரகசியத்தை அறிய அவர்கள் அவாவினர்.

1734ஆம் ஆண்டளவில், பொலியே என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, துய்ஃபே என்ற இரசாயன அறிஞரின் வேண்டுகோளை ஏற்று, புதுச்சேரியில் ஒரு வண்ணக்காரரின் அருகே அமர்ந்து வேலையைக் கவனித்தார். கடுக்காயும் பாலும் சேர்ந்த நீரில் துணியை ஊறவைப்பது, இரும்புச் சாற்றால் கோடெழுதுவது, படிகாரம் தீற்றுவது, சாயவேரில் கொதிக்க வைப்பது, மெழுகு பூசி அவுரியில் தோய்ப்பது என ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அதன் விவரத்தையும் எழுதி வைத்துக்கொண்டார். அக்குறிப்பும் துணித் துண்டுகளும் இன்றும் பாரிசு நகரத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1742இல் கேர்து என்னும் பாதிரியார் இதே தொழிலைப் பற்றி விரிவான கடிதம் ஒன்றைச் சோழமண்டலக் கரையிலிருந்து எழுதினார்.

பின்னர் 1866இல், ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற ஆங்கிலேயர், இந்தியத் துணிகளில் 700 மாதிரிகளைத் திரட்டிப் பதினெட்டுத் தொகுதிகளாக அமைத்தார். அவ்வாறு இருபது படிகள் உருவாயின. பதின்மூன்று படிகள் பிரிட்டனில் வைக்கப்பட்டன. ஏழு இந்தியாவுக்கு வந்தன. இந்திய மக்கள் எத்தகைய துணியை விரும்புகிறார்கள் என்பதைப் பிரிட்டிஷ் ஆலை முதலாளிகள் அறிந்து, அதற்கேற்ப நெய்து, நமக்கே விற்பதற்கு அத்தொகுதிகள் வழிகாட்டின.

இவற்றால் நாம் அறியத்தக்கது ஒன்று உண்டு. வேலை நம்முடையது, கண்ணும் கையும் நம்முடையவை. ஆனால் ஏடு பிறருடையதாயிற்று. புதுச்சேரி வண்ணக்காரரின் செய்முறையை எழுதியவரின் பெயர் நிலைத்தது. செய்தவரின் பெயர் நிலைக்கவில்லை. அவர் கையில் ஓர் ஏடு இருந்து, அதை அவர் பிள்ளைகள் காத்து வைத்திருந்தால் இந்தக் கதை வேறு விதமாக முடிந்திருக்கக் கூடும்.

நாள் தவறாமையின் ஆற்றல்

அதே காலத்தில், அதே புதுச்சேரியில், நம்மவர் ஒருவர் ஏட்டின் அருமையை உணர்ந்திருந்தார். அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துணி வாணிகத்திலும் ஈடுபட்டவர். ஆளுநர் துய்ப்ளேக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தலைமைத் தரகராகவும் விளங்கியவர். 1736ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761இல் இறக்கும் காலம் வரையில் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் எழுதி வந்தார். கப்பல் வந்ததும் போனதும், சரக்கின் நிலையும், ஊரில் கேட்ட செய்தியும் அதில் இடம்பெற்றன. பெருங்காவியம் பாடுவதாக அவர் கங்கணம் கட்டிக்கொள்ளவில்லை. கண்டதையும் கேட்டதையும் அந்தந்த நாளில் குறித்தார். அந்த எளிய பழக்கமே இன்று தென்னாட்டு வரலாற்றுக்குப் பெருங்கருவூலமாக நிற்கிறது. எழுத்தில் அவர் செய்ததைச் சித்திரத்தில் நாம் செய்யலாகாதோ?

"சித்திரம் வராது" என்று சொல்லும் ஆடவர்கள், தம் வீட்டு வாசலை ஒருமுறை பார்ப்பது நன்று. விடியுமுன் எழுந்து, நீர் தெளித்து, புள்ளி வைத்து, கோடிழுக்கும் பெண்மக்கள் நாள்தோறும் ஒரு சித்திரம் எழுதுகிறார்கள். அது நடப்போர் காலில் அழியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அழிந்தாலென்ன, நாளை வேறொன்று எழுதலாம் என்னும் துணிவு அவர்களிடம் இருக்கிறது. பல வீடுகளில் கோல நோட்டு என ஒன்று தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வருகிறது. அதுவே தமிழ்நாட்டின் பழமையான சித்திர நோட்டு என்றால் மிகையாகாது.

சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய குழுவினரும் இக்கோலங்களைக் கணித நோக்கில் ஆராய்ந்து 1974 முதலாகக் கட்டுரைகள் வெளியிட்டனர். சிக்குக் கோலம் போடும் பெண்கள் முழு வடிவத்தையும் ஒரு படமாக மனத்தில் சுமப்பதில்லை. புள்ளியைச் சுற்றித் திரும்பு, நேரே செல், வளைந்து மீள் என்பன போன்ற சிற்சில அசைவுகளின் வரிசையாகவே நினைவில் கொள்கிறார்கள் என்று அவர்கள் கண்டனர். நெசவாளர்களுக்கு இது புதிதன்று. மிதியின் வரிசையும் நாடாவின் வரிசையும் அவர்கள் கால்களிலும் கைகளிலும் அவ்வாறே பதிந்துள்ளன. ஆகவே சித்திரம் என்பது பிறவியில் வாய்க்க வேண்டிய வரம் அன்று. நாள்தோறும் அசைத்துப் பழகினால் கைக்கு வசமாகும் நடையே அது.

சாந்திநிகேதனமும் சோழமண்டலமும்

பெரிய ஓவியர்களும் இந்த வழியில் நடந்தவர்களே. சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைவராக இருந்த நந்தலால் போஸ் (1882–1966), எங்குச் சென்றாலும் சிறு அட்டைகளை உடன் கொண்டு செல்வார். வழியில் கண்ட மாடு, மரம், உழைப்பாளி என எதையும் விடாமல் அவற்றில் வரைவார். அஞ்சலட்டையில் சித்திரம் எழுதி மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புவார். 1938இல் அரிபுரா காங்கிரசு மாநாட்டுப் பந்தலை அணிசெய்யுமாறு காந்தியடிகள் அவரை வேண்டினார். நூல் நூற்பவள், உழவன், தச்சன், மத்தளக்காரன் என நாட்டுப்புறத்து மக்களின் உருவங்களை மண் வண்ணங்களால் விரைவாக எழுதி அவர் பந்தலை நிறைத்தார். அந்த விரைவும் உறுதியும் மாநாட்டுக்கென்று புதிதாகப் பிறந்தவை அல்ல. பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்த அட்டைகளே அன்று கைகொடுத்தன.

காந்தியடிகளும் தம் வரலாற்று நூலில், பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பிக்கு முன் சித்திரத்தைக் கற்பிக்க வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கிறார். தம்முடைய கையெழுத்து நன்றாக அமையாததை எண்ணி வருந்திய இடத்தில் அவர் சொன்ன கருத்து அது. பறவையையும் பூவையும் பார்த்து அறிவதைப் போல எழுத்தையும் பிள்ளை முதலில் பார்த்து அறியட்டும். பொருள்களை வரையப் பழகிய பிறகு எழுதத் தொடங்கட்டும் என்பது அவர் எண்ணம்.

நந்தலாலின் மாணவர்களுள் ஒருவர் கே. ஜி. சுப்பிரமணியன். அவர் 1959 முதல் 1961 வரை பம்பாயில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தின் வடிவமைப்புப் பிரிவில் துணை இயக்குநராகப் பணியாற்றினார். 1956 முதல் தொடங்கப்பெற்ற நெசவாளர் சேவை மையங்களிலும் ஓவியர்கள் பலர் அமர்த்தப்பட்டனர். ஓவியனின் தாளும் நெசவாளியின் தறியும் ஒன்றுக்கொன்று அயல் அல்ல என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர்.

இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் இருக்கிறது. கூட்டுறவில் நம்பிக்கையுடையோர் அனைவரும் அறிய வேண்டிய வரலாறு அதனுடையது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், படிப்பு முடித்த இளைஞர்கள் பிழைப்பின் பொருட்டுத் தூரிகையைக் கைவிடுவதைக் கண்டு மனம் நொந்தார். அவர்கள் ஒன்றுகூடிக் கைவினைஞர் சங்கம் ஒன்றை அமைத்தனர். மெழுகுச் சாயத் துணி முதலான கைப்பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு 1966இல் கடற்கரை நிலத்தை வாங்கிக் குடியேறினர். நாளின் ஒரு பகுதி கைவினைக்கு. எஞ்சிய பகுதி ஓவியத்துக்கு. எவர் தயவையும் நாடாமல், தம் கைத்தொழிலே தம் கலையைத் தாங்கும்படி அவர்கள் செய்துகொண்டனர். அப்பணிக்கரின் புகழ்பெற்ற "சொற்களும் குறிகளும்" என்னும் ஓவிய வரிசைக்கு 1963 அளவில் தூண்டுகோலாக அமைந்தது ஒரு மாணவனின் கணக்கு நோட்டு. எண்களும் கோடுகளும் நிறைந்த அந்தப் பக்கங்களின் தோற்றத்தில் அவர் ஒரு புதிய ஓவிய மொழியைக் கண்டார். நோட்டுப் புத்தகத்தை எளிதாக எண்ண வேண்டா.

உப்பு விளையும் முறை

மன உறுதி எவ்வாறு வளர்கிறது என்பதை நம் உப்பளங்களே காட்டுகின்றன. கடல்நீரின் அடர்த்தி, உப்பளத்தார் பயன்படுத்தும் அளவுகோலில், ஏறத்தாழ 3 பாகை. அந்நீர் ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாறி மாறிச் செல்கிறது. வெயிலும் காற்றும் நாள்தோறும் சிறிது சிறிதாக நீரைக் குறைக்கின்றன. பத்துப் பாகையிலும் உப்பு இல்லை. இருபது பாகையிலும் இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் நீராகவே தோன்றும். 25 பாகையைக் கடந்த பிறகுதான் தரையில் வெண்மணிகள் பூக்கின்றன. இருபதாம் பாகையில் மனம் சலித்து மடையைத் திறந்துவிடும் தொழிலாளி எவரும் இலர்.

சித்திர நோட்டிலும் முதல் முப்பது, நாற்பது பக்கங்கள் வெறும் நீரே. கோடு கோணும், தென்னை மரம் துடைப்பம் போல் நிற்கும், காக்கை கோழியாகும். அதைக் கண்டு நோட்டைக் கிழிப்பவர் மடையைத் திறப்பவர் ஆவார். பொறுத்து எழுதுபவருக்கு ஒரு நாள் கோடு தானே வந்து அமையும்.

இத்துணிவு வளர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. தறியில் ஒரு பிழை நேர்ந்தால் பாவும் ஊடையும் வீணாகும். கூலியில் பிடித்தமும் வரலாம். ஆகவே தறிக்காரர் தெரிந்த வடிவத்தையே திரும்பத் திரும்ப நெய்கிறார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் தாளில் ஒரு பிழை நேர்ந்தால் போவது ஒன்றுமில்லை. செலவில்லாமல் தவறு செய்யக் கிடைத்த இடம் அந்த நோட்டு ஒன்றே. நூறு முறை தாளில் துணிந்தவர், ஒரு முறை தறியில் துணியும் தகுதி பெறுகிறார்.

தொடங்கும் விதம்

பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோடில்லாத நோட்டு ஒன்று போதும். விலையுயர்ந்த தாள் வேண்டுவதில்லை. தாள் விலையுயர்ந்ததானால் கை அஞ்சும். பென்சிலோ பேனாவோ எதுவும் தகும். அழிப்பானை மட்டும் நாடாதிருப்பது நலம். கோடு பிழைத்தால் அதன் அருகிலேயே மறு கோடு இடுக.

நேரம் கால் மணி போதும். ஆனால் அது நாள்தோறும் ஒரே வேளையாக இருத்தல் வேண்டும். பாவில் கை வைக்குமுன், அல்லது மாலையில் தறி நின்றதும், அல்லது மோட்டார் தண்ணீர் பாயும் வரை வரப்பில் காத்திருக்கும் பொழுதில் எழுதலாம். மனம் எழும்போது எழுதலாம் என்று விட்டால் மனம் எழவே எழாது.

ஒவ்வொரு பக்கத்திலும் நாளைக் குறித்து, எங்குக் கண்டது, என்ன நிறம் என்று ஒரு வரி எழுதுக. எந்தப் பக்கத்தையும் கிழிக்கலாகாது. ஒரு மாதம் முடிந்த பிறகு முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் இன்பம் கிழித்தவருக்கு இல்லை. அயலாரின் நோட்டோடு ஒப்பிட வேண்டா. தம் பழைய பக்கத்தோடு மட்டுமே ஒப்பிடுக.

எதை வரைவது என்னும் கவலை இக்கடற்கரையில் வாழ்வோருக்குத் தேவையில்லை. உப்புப் பாத்திகள் கட்டம் போட்ட துணி விரித்தாற் போலக் கிடக்கின்றன. வலையின் கண்ணும் முடிச்சும், முடைந்த தென்னங்கீற்றின் பின்னலும், பனையோலையின் மடிப்பும் தாமே வடிவங்கள். பள்ளிவாசல் பலகணியின் நட்சத்திரக் கோலமும், கோயில் கோபுரத்தின் அடுக்கும், தேவாலயச் சாளரத்தின் வளைவும் ஒரே சாலையில் காணக் கிடைக்கும். மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி நீர்நிலையில் பூநாரையும் கூழைக்கடாவும் வந்து தங்குகின்றன. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்று, 2024இல் உலகப் புகழ் வாய்ந்த ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்ற நீர்நிலை அது. வேற்று நாட்டவர் தேடி வந்து பார்க்கும் பறவையை நாம் ஒரு தாளிலேனும் எழுதி வைக்க வேண்டாமா?

நம் முன்னோர் இவ்வாறே செய்தனர் என்பதற்குப் புடைவையே சான்று. மயில்கண், உருத்திராட்சம், மல்லிகை மொக்கு, தாழம்பூ, கோபுரம், அன்னப்பட்சி என்னும் கரைகளும் புட்டாக்களும் கண்ணால் கண்டவற்றிலிருந்து வந்தவை அல்லவா? யாரோ ஒருவர் ஒருநாள் மல்லிகை மொக்கை உற்றுப் பார்த்தார். அதனால் நாம் இன்றளவும் அதை நெய்து உண்கிறோம். அவ்வரிசையில் உப்புப் பாத்தியும் பூநாரையும் சேரக் கூடாது என்னும் விதி எங்கும் இல்லை.

தாளிலிருந்து தறிக்கு

நோட்டில் எழுதிய பக்கம் எல்லாம் துணியாக வேண்டியதில்லை. மாதத்திற்கு ஒன்று தேறினாலும் போதும். தேறியதைக் கட்டத் தாளுக்கு மாற்றும்போது கணக்கைக் கவனிக்க வேண்டும். துணியில் அங்குலத்திற்குப் பாவு 60 இழையும் ஊடை 50 இழையும் இருப்பதாகக் கொள்வோம். அரை அங்குல அகலத்திற்கு 30 கட்டங்களும், அரை அங்குல உயரத்திற்கு 25 கட்டங்களும் வேண்டும். இதை மறந்து முப்பதுக்கு முப்பதாக வரைந்தால் தாளில் வட்டமாயிருந்த பூ துணியில் நீண்டு முட்டையாகிவிடும். 120 கொக்கி உள்ள ஜக்கார்டு பெட்டியில் நேர்க்கட்டு இருந்தால், 30, 40, 60 என 120ஐச் சரியாக வகுக்கும் அகலங்கள் வரிசை தவறாமல் அமையும், 35 அமையாது. இக்கணக்கையும் நோட்டின் ஓரத்தில் எழுதிப் பழகியவருக்குக் கட்டத் தாள் அச்சம் தராது. பிறர் கொடுக்கும் வடிவத்திலும் எது பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்லும் தெளிவு பிறக்கும்.

உழவருக்கும் உரியது

இப்பழக்கம் நெசவாளருக்கு மட்டும் உரியதன்று. பார்ப்பது வேறு, உற்றுப் பார்ப்பது வேறு. வரைபவன் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். வேர்க்கடலையில் வரும் டிக்கா நோயை எடுத்துக்கொள்வோம். அதில் இருவகைப் புள்ளிகள் உண்டு. முன்பருவத்தில் வருவது செம்பழுப்பாக, மஞ்சள் வளையம் சூழ, இலையின் மேற்புறத்தில் நன்கு தெரியும். பின்பருவத்தில் வருவது கருமையாக, இலையின் அடிப்புறத்தில் மிகுந்து காணும். நெல்லில் குலைநோயின் புள்ளி இருமுனையும் கூர்த்து, நடுவில் சாம்பல் நிறமாக, நூற்கும் கதிரைப் போன்றிருக்கும். பழுப்புப் புள்ளி எள்ளைப் போல் நீள்வட்டமாயிருக்கும். இவற்றை ஒருமுறை தன் கையால் வரைந்த உழவர் பின்னர் மயங்க மாட்டார். நாளிட்டு வரைந்த இலையைக் காட்டினால் வேளாண்மை அலுவலரும் நோயின் போக்கை எளிதில் உணர்வார். வயலில் மழைநீர் நின்ற எல்லையையும் உவர் பூத்த இடத்தையும் ஆண்டுதோறும் வரைந்து வந்தால், அந்நோட்டு அந்நிலத்தின் சாதகமாகவே அமையும்.

சில ஐயங்கள்

"கைப்பேசியில் நொடியில் படம் எடுத்துவிடலாமே, எதற்கு வரைய வேண்டும்?" என்று இளைஞர் கேட்பர். படம் எடுப்பதை யாரும் தடுக்கவில்லை. அது நினைவுக்கு நல்ல துணை. ஆனால் கைப்பேசி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. எதை விடுவது என்று தெரிந்துகொள்ள அது கற்பிப்பதில்லை. மயிலில் கண்ணை மட்டும் எடுத்து மற்றதை விட்டதனால்தானே மயில்கண் கரை பிறந்தது? அவ்வாறு கொள்வதும் தள்ளுவதும் கையால் வரையும்போதே பழகும்.

"கணினியே வடிவம் வரைந்து தரும் காலம் இது" என்பாரும் உளர். உண்மையே. அதனால்தான் நம் சொந்தப் பார்வைக்கு மதிப்புக் கூடுகிறது. எவரும் எங்கிருந்தும் பெறத்தக்க வடிவம் சந்தையில் மலிந்து கிடக்கும். இக்கடற்கரையில் வாழ்ந்து கண்டவர் மட்டுமே தரக்கூடிய வடிவத்திற்கு அந்த மலிவு இல்லை.

"எனக்கு வயதாகிவிட்டது" என்போருக்கு ஒன்று சொல்லலாம். கோடு நடுங்கினாலும் குற்றமில்லை. அறுபதாண்டு அனுபவத்தில் கண்ட பழைய கரைகள் பல அவர்களுடைய நினைவில் மட்டுமே உள்ளன. அவற்றைத் தாளில் ஏற்றாமல் போனால் அவை அவர்களோடு மறையும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

தனி ஒருவரின் நோட்டு ஒரு விதை. அதைப் பாத்தி கட்டி வளர்ப்பது கூட்டுறவின் கடமை. மாதம் ஒருமுறை, கூலி வழங்கும் நாளிலோ பொதுக்கூட்டத்தின் முடிவிலோ, உறுப்பினர்கள் தம் நோட்டைக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் காட்டலாம். அங்கே மதிப்பெண் வேண்டா, முதற்பரிசும் வேண்டா. பரிசு ஒருவருக்குப் போனால் மற்றவர் நோட்டு மூடப்பட்டுவிடும். பெண் உறுப்பினர்கள் கோல நோட்டைக் கொண்டுவரட்டும். அவற்றில் உறங்கும் வடிவங்கள் கரைக்கும் முந்தானைக்கும் எத்தனையோ பயன்படும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் சென்னையிலோ காஞ்சிபுரத்திலோ உள்ள நெசவாளர் சேவை மையத்தாரிடம் தேர்ந்த பக்கங்களைக் காட்டி அறிவுரை பெறலாம்.

சட்ட வழியிலும் ஒரு பாதுகாப்பு உண்டு. இந்திய வடிவமைப்புகள் சட்டம் 2000இன்படி, முன்னர் வெளியாகாத புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் பத்து ஆண்டுகளுக்கு உரிமை கிடைக்கும். மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு அதை நீட்டிக்கலாம். மரபாக வரும் கரைகளை எவரும் தமதென்று பதிவு செய்ய இயலாது. புதியதைச் சந்தைக்கு அனுப்புமுன் விண்ணப்பிப்பது இன்றியமையாதது. நாளிட்ட நோட்டு மட்டுமே உரிமை ஆகிவிடாது. ஆயினும் வடிவம் எவர் கையில், எப்போது பிறந்தது என்பதற்கு அது துணைச்சான்றாக நிற்கும். தனி நெசவாளருக்குப் பதிவின் செலவும் அலைச்சலும் பாரமாகலாம். சங்கம் முன்னின்று செய்தால் பாரம் பகிரப்படும்; வரைந்தவரின் பெயரும் ஏட்டில் நிற்கும்.

புதுச்சேரி வண்ணக்காரரின் பெயரை வரலாறு இழந்தது. அவருக்குப் பின்வந்த நாம் அவ்வாறு இழக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டின் விலை பெரிதன்று. கால் மணி நேரம் எவரிடமும் இல்லாததன்று. நாளைக் காலையில் முதல் பக்கத்தில் நாளைக் குறியுங்கள். கண் முன்னே உள்ள தார்க்குச்சியையோ ஓர் இலையையோ வரையுங்கள். கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். மறுநாள் அடுத்த பக்கம்.